பிரேக்குக்குள் ஒரு கணினி

நனைந்த சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. சுழலாத டயர் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கேட்காது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஏ.பி.எஸ். (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்).

ஒவ்வொரு சக்கரத்தோடும் பல் வெட்டிய வளையம் ஒன்று சுழலும். பக்கத்தில் இருக்கும் சென்சார், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். அதிலிருந்து சக்கரத்தின் வேகத்தைக் கணினி கணக்கிடும். காரின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறையலாம் என்பதற்கு டயரின் பிடிமானம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஒரு சக்கரத்தின் வேகம் அதையும் மீறிக் குறைந்தால், அது நிற்கப்போகிறது என்று அர்த்தம். உடனே வால்வு திறந்து அந்தச் சக்கரத்தின் பிரேக் ஆயில் அழுத்தத்தைக் குறைக்கும்; சக்கரம் சுழலத் தொடங்கியதும் மறுபடி ஏற்றும். இது நொடிக்குப் பல முறை நடக்கும். அப்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். பழுது என்று பயந்து காலை எடுத்துவிடக் கூடாது; அழுத்தியே பிடிக்க வேண்டும்.

இந்தக் கணினிக்கு நேரமும் முக்கியம். ரயில் டிக்கெட் இணையதளம் அரை நொடி தாமதித்தாலும் கிடைப்பது அதே டிக்கெட்தான். மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் கார் அந்த அரை நொடியில் 10 மீட்டர் கடந்திருக்கும். இங்கே தாமதமாக வரும் சரியான விடையும் தவறான விடைதான்.

போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். கணக்கீடும் பௌதிக இயக்கமும் இப்படிப் பின்னிப் பிணைந்த அமைப்புகளுக்கு ‘சைபர் பிசிகல் சிஸ்டம்’ என்ற பெயர் 2006-ல்தான் வந்தது. சூட்டியவர் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஹெலன் கில். சர்க்கரை அளவைப் பார்த்துத் தானே இன்சுலின் செலுத்தும் பம்பும் இந்த வகைதான்.

இத்தகைய அமைப்பின் நிரலை மட்டும் படித்து அது சரியா என்று சொல்லிவிட முடியாது. உதிரிச் சரளையில் பூட்டிக்கொண்ட சக்கரம், முன்னால் கற்களைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ். அங்கே வண்டியைக் கூடுதல் தூரம் ஓடவிடலாம். நிரல் மாறவில்லை, தரைதான் மாறியது. அதனால்தான் பொறியாளர்கள் குளிர்காலத்தில் சுவீடனின் உறைந்த ஏரிகளுக்கே கார்களைக் கொண்டுபோய், பனிக்கட்டி மேல் பிரேக் பிடித்துப் பார்க்கிறார்கள்.