உங்களுக்குத் தெரியுமா? எல்லா பஞ்சருக்கும் ஆணி காரணமல்ல

பஞ்சரான சைக்கிள் ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால் ஆணியைத் தேட வேண்டாம். காற்றுக் குறைவுதான் காரணம். காற்று இறங்கிய சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ட்யூப், டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல இரண்டு இடத்தில் கிழிகிறது. பாரம் அதிகம் தாங்கும் பின்சக்கரத்துக்கு இந்த ஆபத்து கூடுதல். நல்ல ட்யூபிலிருந்தும் காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது காற்றடிப்பது அவசியம்.

நிறையக் காற்றடித்தால் வெயிலில் டயர் வெடித்துவிடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். காற்று 30 டிகிரியிலிருந்து 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினாலும் அழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதமே கூடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் போதும். முள்ளும் கண்ணாடிச் சில்லும் காற்று நிறைந்த டயரையும் குத்துமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் பல சில்லுகள் முதலில் ரப்பரில் தைத்துக்கொண்டு, சக்கரம் சுழலச் சுழலத்தான் உள்ளே இறங்குகின்றன. நனைந்த ரப்பர் எளிதில் அறுபடும், மழைநாளில் கூடுதல் கவனம் தேவை. வீடு சேர்ந்ததும் டயரைச் சுற்றிப் பார்த்து, தைத்திருப்பதைப் பிடுங்கிவிடுங்கள். முள்ளை டயரிலேயே விட்டுவிட்டுப் புது ட்யூப் மாட்டினால் அதுவும் பஞ்சராகும்.