மாநாட்டிற்குச் சென்று மீண்ட பின்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டுப் பல ஊர்களில் குடியேறி வாழும் நம் சங்கக் குடும்பங்களில், படித்துப் பணியில் அமர்ந்த இளைஞரும் இளநங்கையரும் இன்று பலர் உளர். செவிலியர், ஆசிரியர், கணக்கர், பொறியாளர் எனப் பல துறைகளில் அவர்கள் இருக்கின்றனர். அவர்களுள் யாரேனும் ஒருவருக்கு, தம் தொழில் சார்ந்த மாநாடு ஒன்றிற்குச் சென்று வருமாறு அலுவலகத்திலிருந்து அவ்வப்போது ஆணை வருகின்றது. சென்று வருகின்றனர். மீளும்போது தோளில் ஒரு பை, கையில் ஒரு சான்றிதழ், கழுத்தில் தொங்கிய பெயரட்டை ஆகியவை இருக்கின்றன. "என்ன கொண்டு வந்தீர்?" என்று வினவினால், "பலர் பேசினார்கள்; கேட்டோம்; உணவு நன்றாக இருந்தது" என்பதே பெரும்பாலும் விடை.

உணவை நாம் குறை கூற வரவில்லை. பயணப்படியில் காலந்தள்ளும் ரயில்வே எழுத்தர்களாகிய நமக்கு நல்லுணவின் அருமை தெரியும். ஆயினும் அன்பர்களே, மாநாட்டுக்குச் சென்ற இருவர் அங்கிருந்து எதனைக் கொண்டுவரக்கூடும் என்பதற்கு நம் வாயிலருகிலேயே ஒரு சான்று உண்டு. அதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதனாலேயே இக்கட்டுரை எழுதலானோம்.

கீழ்த்திசை நாடுகளின் மொழி, வரலாறு, சமயம் ஆகியவற்றை ஆராயும் அறிஞர்களின் பன்னாட்டு மாநாடு 1873ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தொடங்கியது. அதன் 26ஆம் கூட்டம் 1964 ஜனவரியில் புது தில்லியில் நடைபெற்றது. பல நாட்டுப் பேராசிரியர்கள் கூடினர். இந்தியாவைப் பற்றிய ஆராய்ச்சி என்றாலே வடமொழி ஆராய்ச்சி என்னும் எண்ணம் மேலோங்கியிருந்த காலம் அது. தமிழில் உழைத்தவர்கள் ஆங்கொருவரும் ஈங்கொருவருமாய்ச் சிதறிக் கிடந்தனர். பிராகில் ஒருவர் இருப்பார். பாரிசில் ஒருவர் இருப்பார். ஒருவர் செய்யும் வேலை மற்றவர்க்குத் தெரியாது.

அம்மாநாட்டிற்குச் சென்றவர்களுள் ஒருவர் சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் 1913ஆம் ஆண்டில் பிறந்தவர். ரோமாபுரியில் சமயக் கல்வி பெற்றவர். அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராயிருந்தார். மற்றவர் வ. அய். சுப்பிரமணியம். நாகர்கோவிலில் 1926ஆம் ஆண்டில் பிறந்தவர். நம் திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தில்லி செல்லும்போது அவர்க்கு அகவை நாற்பது நிரம்பவில்லை. (அந்நாளில் திருவனந்தபுரத்திலிருந்து தில்லிக்கு ரயிலில் செல்வோர் இடையில் இறங்கி, மீட்டர் பாதையை விட்டு அகலப்பாதை வண்டிக்கு மாற வேண்டும். திருவனந்தபுரத்திற்கு அகலப்பாதை வந்தது 1976இல்தான். பாறசாலையில் ரயில் நின்றது 1979இல். தொழில் நம் நாவை விட்டு நீங்குவதில்லை, அன்பர்கள் பொறுத்தருள்க.)

இவ்விருவரும் தில்லியில் செய்தது யாது? மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் தமிழுக்குப் போதிய இடம் இல்லையென்று வெளித் திண்ணையில் அமர்ந்து புலம்பவில்லை. தமிழில் ஈடுபாடு கொண்ட அறிஞர்கள் பலர் ஒரே நகரில் ஒரே வாரத்தில் கூடியிருக்கின்றனர் என்பதனையே பெரும் பேறாகக் கொண்டனர். அவர்களைத் தனியே ஒரு கூட்டத்திற்கு அழைத்தனர். அக்கூட்டத்தில் பிறந்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைவரானார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில்லும் தனிநாயகம் அடிகளும் செயலாளர் பொறுப்பை ஏற்றனர்.

இஃது ஒருநாட் பேச்சில் விளைந்த அற்புதம் என்று எண்ணிவிடலாகாது. தனிநாயகம் அடிகள் 1952ஆம் ஆண்டு முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழை நடத்தி வந்தார். அயல்நாட்டுத் தமிழறிஞர்கள் அதில் எழுதினர். எனவே தில்லியில் அவர் சந்தித்தவர்களுட் பலர் அவருக்குப் புதியவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்கில் எழுத்தின் வாயிலாக அறிமுகமானவர்கள். மடல்வழிப் பழகியவர்களை நேரிற் கண்டு கைகுலுக்க மாநாடு ஒரு வாய்ப்பாயிற்று. நம் பிள்ளைகளோ பெயரட்டையை மாட்டிக்கொண்ட பின்னரே அடுத்த நாற்காலியில் இருப்பவர் யாரென்று பார்க்கத் தொடங்குகின்றனர். வரவிருப்போர் பட்டியல் முன்னரே கிடைக்கும் இக்காலத்தில், ஒருவருக்கேனும் முன்கூட்டி இரண்டு வரி எழுதினால் என்ன?

அதனினும் பெரிது பின்னர் நிகழ்ந்தது. 1964 ஜனவரியில் மன்றம் தோன்றியது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிவிட்டது. இடையில் இருந்தவை இருபத்தேழு திங்களே. தாம் பணிபுரிந்த நகரையே முதல் மாநாட்டிற்குக் களமாக்கினார் அடிகள். 1968இல் சென்னை, 1970இல் பாரிசு, 1974இல் யாழ்ப்பாணம் என்று அது தொடர்ந்தது. சென்னை மாநாடு அண்ணா முதல்வராயிருந்தபோது பெருந்திருவிழாவாயிற்று. கடற்கரைச் சிலைகள் அப்போது எழுந்தவை. ஊர்வலமும் அலங்கார வண்டியும் கண்டோர் இன்றும் அவற்றையே கூறுவர். நமக்கும் ஊர்வலம் பிடிக்கும். ஆனால் ஊர்வலம் கலைந்த பின்னும் எஞ்சியது கட்டுரைத் தொகுதிகளும், 1970இல் சென்னையில் நிறுவப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ஆகும்.

இனி, எல்லைப்புறத்தாராகிய நம்மைத் தனியே தொடும் ஒரு செய்திக்கு வருவோம். 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த நம் பிள்ளைகளின் பேச்சைக் களியக்காவிளைக்கு அப்பால் மலையாளம் என்பர். இப்பால் பாண்டித் தமிழ் என்பர். இரண்டுங்கெட்டான் என்ற நாணம் பலர் நெஞ்சில் உறைந்து கிடக்கின்றது. சபையில் வாய் திறவாமைக்கு அந்நாணமே காரணம் என்பது நம் கணிப்பு. அறிவுக் குறைவு அன்று.

சுப்பிரமணியமோ இவ்விரு மொழிச் சூழலையே தம் தொழிலுக்கு முதலாக்கினார். தமிழ்ப் பேராசிரியரான அவர் மலையாளக் கிளைமொழிகளை ஊர் ஊராக ஆராயும் பணியை நடத்தினார்; அதன் முதற்பயன் 1974இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆராய்வோர் ஒரே கூரையின்கீழ்க் கூட 1971இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியற் கழகத்தைத் தோற்றுவித்தார். ஆண்டுதோறும் மாநாடு, மறு ஆண்டிலேயே ஆராய்ச்சி இதழ் என அது வளர்ந்தது. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக அழைக்கப்பெற்றவர் அவரே. 2009இல் மறைந்தார். இளம் ஆய்வாளர்க்கு மாநாட்டு மேடை கிடைக்கும்படி செய்வதில் அவர் ஓயாது உழைத்தார்.

பெரியோர் கதை நமக்கெதற்கு என்பார் உண்டு. சிறியோர் கதையும் ஒன்று கூறுவோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நாம், சில ஆண்டுகளுக்கு முன் எழுத்தர்களுக்கான இருநாட் கருத்தரங்கு ஒன்றிற்குச் சென்றோம். மேடைப் பேச்சு மூன்றாம் மணியளவில் எல்லோரையும் உறக்கத்தில் ஆழ்த்தியது. தேநீர் வேளையில் வேறொரு கோட்டத்து மூத்த எழுத்தர் ஒருவர், நம் பேச்சின் நடையைக் கேட்டு, "தெற்கே எந்த ஊர்?" என்று வினவினார். அவர் தாயார் அமரவிளைக்காரராம். அப்பால் என்ன, துறைத் தேர்வுக்கு எந்நூலை எம்முறையில் படிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினார். ஊர் திரும்பி அவருக்கு மடல் எழுதினோம். தாம் படித்த குறிப்பேட்டையே அனுப்பிவைத்தார். அதனை வைத்தே தேர்வில் தேறினோம். எந்தப் பேச்சைக் குறித்து நாணினோமோ அதுவே அவரை நம்மிடம் கொண்டுவந்தது.

அக்குறிப்பேட்டை நாம் இன்னும் வைத்திருக்கின்றோம். ஓரங்கள் கிழிந்துவிட்டன, விதிகளும் சில மாறிவிட்டன. சென்ற மாதம் உதியன்குளங்கரையிலிருந்து ஓர் இளைஞர் அதனைக் கேட்டு வந்தார். புதிய விதிகளைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தனுப்பினோம்.