குதிகால் வலிக்குக் கெண்டைக்காலில் கை வைத்தியம்

பத்துமலைத் திருத்தலத்தின் 272 படிகளையும் வெறுங்காலுடன் ஏறி இறங்கி நேர்த்திக்கடன் செலுத்தும் பக்தப் பெருமக்களுள் சிலர், அடுத்த நாள்களில் படுக்கையை விட்டெழுந்து முதல் அடி வைக்கையில் குதிகாலில் முள் தைத்தாற்போல் துடிக்கின்றனர். நாலடி நடந்தால் வலி தணியும். நெடுநேரம் நின்றால் மீண்டும் தலைதூக்கும்.

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை செல்லும் தடித்த நார்ப்பட்டையே பெரும்பாலும் இங்கு நோவுக்குள்ளாவது. கெண்டைக்கால் தசை இறுகினால் இப்பட்டையின் மீது இழுவிசை கூடும். வலி ஓரிடம், வேர் வேறிடம். இதனை அறியாது, பிள்ளைகளை அழைத்துக் குதிகால்மேல் ஏறி மிதிக்கச் சொல்வோரும் உண்டு! அது நொந்த பட்டையை மேலும் நோகச் செய்யும்.

முதலில் கெண்டைக்காலில் எண்ணெய் தடவி, முடிச்சுப்போல் தென்படும் இடங்களைக் கட்டைவிரலால் பொறுக்கும் அளவில் அழுத்திவிடுதல் வேண்டும். பின்னர்க் கால் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, உள்ளங்காலை மெல்ல நீவலாம். விடியலில் காலூன்றுமுன் விரல்களை மேல்நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்தி, பத்து முறை செய்தல் நலம். 60 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வொன்றில், நீட்டல் பயிற்சி மட்டும் செய்தோரைவிட, கெண்டைக்காலையும் அழுத்திவிடப் பெற்றோர் ஒரு மாதத்தில் கூடுதலாகத் தேறினர்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதில் இறங்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பின் உருவிவிடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடுமாதலால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.