மடக்குக் கத்தியின் மரப்பிடி

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓபினெல் வடிவமைத்த மடக்குக் கத்தி இன்றும் விற்பனையில் இருக்கிறது. பீச் மரப் பிடி, எஃகு அலகு. விரித்த அலகு மடங்கிவிடாமல் பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. பிடி முழுக்க மரம் என்பதால், வாங்கியவர்கள் அதைத் தங்கள் கைக்கேற்ப அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, சூட்டுக்கோலால் பெயரும் பொறித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஈரம் பட்டால் மரம் உப்பி, அலகு பிடிக்குள் இறுகிவிடும். நகம் வலிக்க இழுத்தாலும் வராது. ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் பூசினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். அழகு வேலைகள் எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். கார்பன் எஃகு அலகானால், எலுமிச்சை நறுக்கியதும் துடைத்துவிடுங்கள். வளையத்தைத் திருப்பிப் பூட்டாமல் ஒருபோதும் வெட்டாதீர்கள்.