நீரால் அணையாத நெருப்பு

சிகரெட் லைட்டரில் பொறி கக்கும் சிறு துண்டைக் 'கல்' என்கிறோம். அது கல் அன்று, உலோகம். அதில் பெரும்பங்கு சீரியம். உடன் சேர்ந்த இரும்பு அதற்குக் கடினம் தருகிறது.

சீரியம் 'அரிய மண் உலோகங்கள்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அருமை பெயரளவில்தான். பூமியின் மேலோட்டில் அது ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டிலும் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் அதை எண்ணெயில் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். ஏன் இந்தக் காவல் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் துடைத்து, அரத்தால் தேய்த்தேன். வெள்ளிபோல் மின்னியது, சிறிது நேரத்தில் மங்கியது. காற்றின் ஆக்ஸிஜன் அதைப் பற்றிவிட்டது. இரும்புத் துருவைப்போல் இந்தப் படலமும் உதிரும். உடனே புது உலோகம் காற்றுக்கு இரையாகும். மீண்டும் வேகமாகத் தேய்த்தேன். மேசைமேல் விழுந்த பொடி குப்பென்று பற்றிக்கொண்டது! சுமார் 150 பாகை சென்டிகிரேடு வெப்பமே அது எரியப் போதும். பொடியாக இருந்தால் அரம் உராயும் சூடே போதுமானது.

பதறிப்போய்த் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். "பானி மத் டாலோ!" என்று கூவிக்கொண்டே ஓடி வந்தார் ஆய்வுக்கூட ஊழியர். என் கையைத் தட்டிவிட்டு, உலர்ந்த மணலை அள்ளிக் கொட்டினார். தீ அடங்கியது.

அவர் தடுத்ததன் காரணம் இதுதான். சீரியம் குளிர்ந்த நீரில் மெதுவாகவும், வெந்நீரில் விரைவாகவும் வினைபுரியும். இரண்டு சீரியம் அணுக்கள் ஆறு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்தால், சீரியம் ஹைட்ராக்ஸைடோடு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் பிறக்கும். எரியும் உலோகத்தின்மேல் நீர் ஊற்றுவது, தீக்கு ஹைட்ரஜனை ஊட்டுவதாகும்!

நீர்த்த கந்தக அமிலத்திலோ அது நுரைத்துக் கரையும். அங்கும் ஹைட்ரஜன் வெளிவரும். அணு மூன்று எலக்ட்ரான்களை இழப்பதால் கரைசல் நிறமற்றிருக்கும். நான்கை இழந்த நிலையே நாம் தரம்பார்த்தலில் கையாளும் மஞ்சள் நிறச் சீரிக் சல்ஃபேட். சூடாக்கிக் குளோரினில் இட்டால் எரிந்து முக்குளோரைடாகும்.

அந்த ஊழியர் பட்டம் பெற்றவர் அல்லர். புத்தகம் படித்த நான் குவளையை எடுத்தேன். அவர் மணலை எடுத்தார். ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் மணல் வாளி எங்கே என்று முதலில் பாருங்கள். குழாய் எங்கே என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.