என்டோர்ஸ்: காசோலையின் முதுகில் வைக்கும் கையெழுத்து

ஹட்டன், நுவரெலியா கடைவீதிகளில் காசோலை கைமாறுவது புதிதல்ல. மரக்கறி வாங்கியவர் தந்த காசோலையை அரிசிக் கடனுக்காக மொத்த வியாபாரியிடம் கொடுப்போம். அவர், "பின்னால என்டோர்ஸ் பண்ணித் தாங்க நானா" என்பார். நாமும் கையெழுத்து வைத்துவிடுவோம். அந்தச் சொல்லின் கனத்தைப் பலர் அறிவதில்லை.

முதுகைக் குறிக்கும் 'டோர்சம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. பத்திரத்தின் பின்புறம் எழுதுதல் என்பதே நேரடிக் கருத்து. தமிழில் புறக்குறிப்பிடல் என்கிறோம். இலங்கையின் 1927ஆம் ஆண்டு 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டப்படி, காசோலை திரும்பினால் அத்தொகையை நான் ஈடு செய்வேன் என்று பொறுப்பேற்பதே அக்கையெழுத்து. அதாவது காசோலை எழுதியவர் கைவிரித்தால் அரிசிக்காரர் உங்களைத் தேடி வரலாம். ஆனால் காசோலை திரும்பிய செய்தியை அவர் தாமதமின்றி உங்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் பொதுவாக அந்தப் பொறுப்பு நீங்கிவிடும்.

'கொண்டுவருபவருக்கு' என்றிருக்கும் காசோலை கைமாறக் கையெழுத்தே தேவையில்லை. வழக்கம் என்பதற்காக அதிலும் கையெழுத்திட்டால், தேவையில்லாத பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். பொறுப்பு வேண்டாமென்றால் 'வித்தவுட் ரிகோர்ஸ்' என்று எழுதிக் கையொப்பமிடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்படி எழுதிய காசோலையை நம் கடைவீதியில் யார் வாங்குவார்களோ! எதுவானாலும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது நல்லது. கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரா பகராவின் 282ஆவது வசனம் நமக்குச் சொல்லியே இருக்கிறது.

கடிதங்களிலும் இச்சொல் தடுமாற வைக்கிறது. பற்றுச்சீட்டை இணைத்துள்ளோம் என்பதற்கு 'என்குளோஸ்' என்றே எழுத வேண்டும், 'என்டோர்ஸ்' அல்ல. கொழும்புக் கம்பனி அனுப்பிய புதிய விலைப்பட்டியல் கிடைத்தது என்று சொல்ல நினைத்து "வி என்டோர்ஸ்" என எழுதினால், அந்த விலையை நாம் ஆதரித்து ஏற்றதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. திகதி பிந்திய காசோலையைப் புறக்குறிப்பிட்டு, தொகையில் குறைத்துக் காசாக்குவதும் சிலரிடம் உண்டு. இப்படிக் கழிவுக்கு மாற்றுவது வட்டியில் போய் முடிவதால் ஆகாது என 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது.