ஒரே அபார்ட்மென்ட்டில் 5 வீடு விற்பனைக்கு... உங்கள் வீடு முதலில் விற்க என்ன செய்யணும்?

சென்னை ஓ.எம்.ஆரில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் பழைய ஃபிளாட்டை விற்க நினைக்கிறீர்களா? அதே பிளாக்கில் இன்னும் நாலைந்து பேர் விற்பனைக்குப் போட்டிருக்கலாம். பக்கத்துத் தெருவில் பில்டரே புது வீடு விற்றுக்கொண்டிருக்கலாம். வாங்க வருபவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். இந்தப் போட்டியில் முந்துவது பெயின்ட் அடித்த வீடு மட்டுமல்ல. பேப்பர் ரெடியாக இருக்கும் வீடு.

பேப்பர் ஏன் முக்கியம்?

வாங்குபவர் பெரும்பாலும் ஹோம் லோன் போடுவார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அப்ரூவல் பிளான், சொத்துவரி ரசீது எல்லாவற்றையும் வங்கியின் வக்கீல் கேட்பார். ஒன்று குறைந்தாலும் வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அவர் பக்கத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

எனவே விளம்பரம் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடனை அடைத்து முடித்திருந்தாலும், பத்திரத்தை அடமானம் வைத்த பதிவு அப்படியே நிற்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்தால்தான் அது தீரும். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கி ஒரிஜினல் பத்திரத்தைத் தரவேண்டும். வங்கியால் தாமதமானால், நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரச் சொல்கிறது ரிசர்வ் வங்கி.

கடன் இன்னும் ஓடுகிறதா? பரவாயில்லை. பாக்கித் தொகை விவரத்தையும், வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

விலை எப்படி வைப்பது?

ஆன்லைன் விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான். உங்கள் குடியிருப்பில் கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். வாங்குபவருக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று 9% கூடுதல் செலவு உண்டு. 60 லட்சம் வீட்டுக்கு அதுவே 5.4 லட்சம். அவர் மொத்தக் கணக்கைத்தான் பார்ப்பார்.

உங்களுக்கும் ஒரு பிளஸ் இருக்கிறது. கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5% ஜி.எஸ்.டி. உண்டு; பழைய வீட்டுக்குக் கிடையாது. இதை எடுத்துச் சொல்லுங்கள். முதலில் எக்கச்சக்கமாக விலை சொல்லிவிட்டு மாதாமாதம் குறைத்தால், ‘வீட்டில் ஏதோ பிரச்சினை போல’ என்ற சந்தேகம்தான் வரும்.

எப்போது விற்பது?

ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதியப் பலர் தயங்குவார்கள். ரிப்பேர் வேலைக்கு அந்த மாதங்களைப் பயன்படுத்துங்கள். பள்ளி திறக்கும் முன் குடியேற நினைக்கும் குடும்பங்களுக்கு, பொங்கல் முடிந்ததும் வீட்டைக் காட்டினால் லோன், பதிவு எல்லாம் ஏப்ரல், மே மாதத்துக்குள் முடியும். உங்கள் தெருவில் தண்ணீர் தேங்காது என்றால் மழைக்காலத்திலேயே கூட்டி வந்து காட்டுங்கள். சென்னையில் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

வரி எவ்வளவு?

வாங்கி 24 மாதம் ஆகும் முன் விற்றால், லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப் விகிதத்தில் வரி விழும். 22 மாதம் ஆகியிருந்தால் கொஞ்சம் பொறுப்பதே லாபம். அதற்குப் பிறகு 12.5%.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கத்தைக் கழித்து 20% கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும். உதாரணமாக, 2013-14-ல் 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்றால், முதல் கணக்கில் வரி 2.5 லட்சம். இரண்டாவது கணக்கில் வாங்கிய விலையே 68 லட்சத்தைத் தாண்டிவிடும். வரி பூஜ்யம்!

கடைசியாக ஒன்று: அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ போதும். எத்தனை நாளில் பதிவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.